எதிர்க்காற்று

ஏப்ரலில் இமோலா, மே கடைசியில் ஸ்பா,
ஜூலையில் முஜெல்லோ, செப்டம்பர் பார்சலோனா,
அக்டோபரில் மோன்ஸாவோடு முடிந்துவிடும்.
எனக்கு எல்லாம் மர்பி டவுனில்தான்:
இரண்டாம் மாடி, மூன்று திரை, ஒரு யுபிஎஸ்,
நாற்காலி முதுகில் காயாத துப்பட்டா.

அங்கே காலைப் பந்தயம்
இங்கே ஞாயிற்றுக்கிழமை மதியம்.
கீழ்வீட்டில் பிரியாணிக்குத் தம் போடுகிற நேரத்தில்
காதுக்குள் தாரெக் டயர்ச் சூடு கேட்பான்.
முன் இடது தொண்ணூற்று நாலு என்பேன்.
கறி வாசத்தில் எச்சில் ஊற
பின் வலது எண்பத்தெட்டு என்பேன்.

காருக்கு ஒரே இருக்கை. கூரை கிடையாது.
அதில் யோரிஸ், பத்தொன்பது வயது,
முகம் சரியாகத் தெரியாது எனக்கு.
தெரிந்ததெல்லாம் அவன் பாதங்கள்.
வலதுக்குப் பச்சைக் கோடு, இடதுக்குச் சிவப்பு.
பசியா, கோபமா, தூக்கம் போதவில்லையா,
இரண்டாம் வளைவு தாண்டுவதற்குள் சொல்லிவிடுவேன்.

முஜெல்லோவில் அடுத்தடுத்து இரண்டு வலது வளைவுகள்,
அராபியாட்டா என்று பெயர்.
கோபக்காரி என்று அர்த்தமாம், மெக்கானிக் ப்ரூனோ சொன்னான்.
பச்சைக் கோடு நூறு, நூறு, நூறு,
பிறகு கோடே இல்லை.
கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.
தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

பதினாறு விநாடி.
அதற்குப் பிறகுதான் யாரோ சொன்னார்கள்:
நடந்து வருகிறான்.

விலாவில் கன்றிய காயம், வேறொன்றுமில்லை.
மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.
காருக்குப் புது மூக்கு வந்தது.

பார்சலோனாவில் மூன்றாம் வளைவு, நீண்ட வலது.
பச்சைக் கோடு நூறிலிருந்து தொண்ணூற்றொன்றுக்கு இறங்கி
இமைப்பதற்குள் ஏறிக்கொண்டது.
அடுத்த சுற்றிலும். அதற்கடுத்ததிலும்.
இடது வளைவுகளில் பழைய யோரிஸ்தான்.
நிலையில் ஒருமுறை தலை இடித்தவன்
உயரமான வாசலிலும் குனிவதைப் போல.

கால் விநாடி எங்கே போகிறது?
தாரெக் கேட்டான்.
முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார் அந்த இணைப்பில்,
அடுத்த வருட இருக்கைக்கு
மூன்று பையன்களின் பெயரை வைத்துக்கொண்டு.

போன மழைக்காலம், ட்ரினிட்டி மெட்ரோ தூண்,
சாலையில் போட்டிருந்த இரும்புத் தகடு,
வலது திரும்பியபோது ஸ்கூட்டர் தனியாகப் போயிற்று,
நான் தனியாக.
அன்று முதல் வலது திருப்பம் எங்கே வந்தாலும்
கேட்காமலே தளர்கிறது மணிக்கட்டு.
பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்,
கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கடந்துபோகிறான்.
என் மணிக்கட்டுக்கு யாரும் கோடு வரையவில்லை.

அறிக்கையில் தட்டினேன்: எதிர்க்காற்று.

அன்றைக்குப் பார்சலோனாவில் கொடிகளெல்லாம்
என் நாற்காலித் துப்பட்டா மாதிரித் தொங்கின.
வீடியோவில் யாரும் பார்க்கலாம்.
தாரெக் படித்தான். சற்று நேரம் பேசவில்லை.
சரி, காற்று, என்றான்.

அதிலிருந்து வாரம் முழுக்கப் பயம் எனக்கு.
நான் மறைத்தது அவனைக் காப்பாற்றவா,
இன்னொரு சுவரில் கொண்டுபோய் விடவா?
கேட்க ஆளில்லை.
சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டேன்.
பெங்களூர் சிக்னல்; நேரத்துக்குக் குறைவில்லை.

மோன்ஸாவில் கர்வா கிராண்டே, வலதுதான்.
எட்டுச் சுற்றும் தொண்ணூற்றொன்று.
ஒன்பதாவதில் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது:
நூறு, நூறு, நூறு,
வளைவு முழுக்க இறங்கவே இல்லை.
பத்தாவதில் மறுபடி தொண்ணூற்றொன்று.
பதினோராவது இடம்.

நவம்பரில் ஒரு மின்னஞ்சல் வந்தது, எல்லோருக்கும் ஒன்றே.
ஸ்பான்சர் விலகிவிட்டாராம், அணியை மூடுகிறார்களாம், நன்றியாம்.
இரண்டு மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.
யோரிஸ் எங்கே போனான் என்று நான் கேட்கவில்லை.
அந்த ஒன்பதாம் சுற்றை மட்டும்
என் கணினியில் வைத்திருக்கிறேன். வைத்திருக்கக் கூடாது.

நேற்று இரவு பதினொன்றரை, ட்ரினிட்டியில் வலது திரும்பினேன்.
சாலை காலி, தகட்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.
மணிக்கட்டு தளர்ந்தது.
காற்று துளிகூட இல்லை.